விளைந்த பருத்தியை உழுது அழித்தால் பணம்: அமெரிக்க விவசாய மானியத்தைத் தொடங்கிவைத்த ஹென்றி வாலஸ் யார்? அந்த செக் யார் கைக்குப் போனது?

1933ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி நன்றாக வளர்ந்து காய் பிடித்து நின்றது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் பறிப்புக்கு ஆள் இறங்கிவிடும். அந்த நேரத்தில் விவசாயிகள் கலப்பையைப் பூட்டிக்கொண்டு வந்து, அந்த வயலையே உழுது செடியை மண்ணுக்குள் தள்ளினார்கள். பூச்சி விழவில்லை, வெள்ளமும் வரவில்லை. அரசாங்கம் சொல்லித்தான் உழுதார்கள். உழுத ஏக்கருக்கு 7 டாலர் முதல் 20 டாலர் வரை அரசே பணமும் கொடுத்தது.

கலப்பை இழுத்த கோவேறு கழுதைகள்கூட முரண்டு பிடித்ததாக அப்போது ஊரெல்லாம் பேச்சு. பிறந்ததிலிருந்து செடியை மிதிக்காமல் சாலுக்கு நடுவில் நடக்கப் பழக்கப்பட்ட பிராணிகள். திடீரென்று செடி மேலேயே நடக்கச் சொன்னால் அதுங்க என்ன பண்ணும்?

இப்படி அழிக்கப்பட்டது சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி. உத்தரவுக்குப் பின்னால் இருந்தவர் விவசாயத்தை வெறுத்த அதிகாரி இல்லை. மூன்று தலைமுறையாக விவசாயிகளுக்காகவே பத்திரிகை நடத்திய குடும்பத்தில் பிறந்து, சோளக்கதிரோடு வளர்ந்த மனிதர். பெயர் ஹென்றி அகார்ட் வாலஸ். அமெரிக்க அரசு விவசாயிக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் முறை அவர் காலத்தில்தான் தொடங்கியது. அந்தப் பணம் கவுண்டி அளவில் எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதுதான் அவர் வாழ்க்கையில் ஆறாத புண்ணாகவும் ஆனது.

யார் இந்த வாலஸ்?

1888 அக்டோபர் 7ஆம் தேதி, ஐயோவா மாநிலத்தின் அடேர் கவுண்டியில் ஓரியன்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்துப் பண்ணையில் பிறந்தார். கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பிரிவு. நம்மூர் மாவட்டம் மாதிரிதான், ஆனால் பெரும்பாலும் அதைவிடச் சின்னது. ஐயோவாவில் மட்டும் 99 கவுண்டிகள் இருக்கின்றன. இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே பிறகு இங்கேதான் வந்து நிற்கும்.

தாத்தா பெயரும் ஹென்றி வாலஸ். பாதிரியாராக இருந்தவர், பிறகு குடும்பத்தோடு சேர்ந்து வாலசஸ் ஃபார்மர் என்ற விவசாயப் பத்திரிகையை நடத்தினார். அப்பா ஹென்றி கான்ட்வெல் வாலஸ், ஏம்ஸ் நகரில் உள்ள ஐயோவா மாநில விவசாயக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அந்தக் கல்லூரியில் படித்த முதல் கறுப்பின மாணவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து, பின்னாளில் நிலக்கடலை ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற அதே கார்வர்தான். செடி கொடி தேடி நடக்கும்போது வாலஸ் வீட்டுக் குட்டிப் பையனையும் அவர் கூட்டிக்கொண்டு போவார். பூவைப் பிரித்து மகரந்தம் எது, சூல் எது என்று சொல்லிக் கொடுப்பார். அந்தப் பையன் கடைசி வரைக்கும் அந்த நடையை மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஐயோவாவில் மக்காச்சோள அழகுப் போட்டி நடக்கும். நிஜமாகவே அழகுப் போட்டிதான். கதிர் நேராக இருக்கணும், மணி வரிசை பிசகாமல் இருக்கணும், நுனி வரை மணி மூடியிருக்கணும். பரிசு வாங்கிய கதிரைத்தான் விதைக்கு எடுக்கச் சொல்வார்கள். அழகான கதிரை விதைத்தால் மகசூல் கூடுமா என்று பதின்ம வயது வாலசுக்கு சந்தேகம் வந்தது. பரிசுக் கதிர்களை வாங்கித் தனித்தனி வரிசையாக விதைத்து, அறுத்து, எடை போட்டுப் பார்த்தார். அழகில் முன்னால் நின்ற கதிர் மகசூலில் பின்வரிசைக்குப் போனது. கதிருக்கு முக அழகு எதுக்கு என்பதுதான் அந்தப் பையன் கண்டுபிடித்த விஷயம்.

1910ல் பட்டம் வாங்கிக்கொண்டு குடும்பப் பத்திரிகைக்கே வேலைக்கு வந்தார். ராத்திரி பகலாகப் புள்ளிவிவரம், பகலில் வயல், நடுவில் தலையங்கம். 1926ல் கலப்பின மக்காச்சோள விதை விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் பயனியர் ஹை-பிரெட் என்ற பெரிய விதை நிறுவனமாக வளர்ந்தது. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விளைச்சல் கூடியது, விவசாயி நொடிந்தார்

முதல் உலகப் போர் நடந்தபோது ஐரோப்பாவுக்கே அமெரிக்கா சோறு போட்டது. விவசாயிகள் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். போர் முடிந்தது, ஐரோப்பா தன் வயலை மறுபடியும் உழ ஆரம்பித்தது, விலை சரிந்தது. கடன் மட்டும் அப்படியே நின்றது. அப்போது அமெரிக்காவின் விவசாய அமைச்சராக இருந்தவர் வாலசின் அப்பாவேதான். 1924ல் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். அரசாங்கம் விவசாயிக்குக் கை கொடுக்க வேண்டும் என்று அப்பா விட்ட இடத்திலிருந்து மகன் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். உபரி விளைச்சலை அரசே வாங்கி விலையைத் தூக்கிப் பிடிக்கும் மசோதாவை நாடாளுமன்றம் இரண்டு முறை நிறைவேற்றியது. 1927லும் 1928லும் அதிபர் கூலிட்ஜ் அதைத் தடுத்துவிட்டார்.

அதன் பிறகு பெருமந்தம் வந்தது. 1929ல் ஒரு பவுண்டு பருத்தி 16, 17 சென்ட்டுக்குப் போனது, 1932ல் அது 6 சென்ட் பக்கம் வந்தது. ஐயோவாவில் ஒரு புஷல் மக்காச்சோளம், அதாவது ஏறக்குறைய 25 கிலோ, 10 சென்ட் வரைக்கும் இறங்கியது. நிலக்கரி வாங்குவதைவிட சோளத்தை அடுப்பில் போட்டு எரிப்பது மலிவு என்ற நிலைமை. பல வீடுகளில் எரிக்கவும் செய்தார்கள்.

ஜப்தி மேல் ஜப்தி. 1933 ஏப்ரல் 27ஆம் தேதி, ஐயோவாவின் லெ மார்ஸ் ஊரில் கோபத்தில் இருந்த விவசாயிகள் நீதிபதி ஒருவரை நீதிமன்றத்திலிருந்தே இழுத்துப் போனார்கள். பண்ணை ஜப்தி ஆணையில் இனிமேல் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிக் கழுத்தில் கயிற்றை மாட்டினார்கள். அவர் இணங்கவில்லை. நல்ல வேளை, உயிரோடு விட்டுவிட்டார்கள். சாதுவான ஊர் என்று பெயர் எடுத்த ஐயோவாவிலேயே இந்த நிலைமை.

சரியாக 15 நாள் கழித்து, 1933 மே 12ஆம் தேதி, அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விவசாயச் சீரமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை நடத்தும் பொறுப்பு புதிய விவசாய அமைச்சர் வாலசுக்கு வந்தது. அவர் பிறந்தது குடியரசுக் கட்சிக் குடும்பம், சேர்ந்ததோ ஜனநாயகக் கட்சி அரசாங்கம். 1936 வரை கட்சிப் பதிவைக்கூட அவர் மாற்றிக்கொள்ளவில்லை என்பது தனிக்கதை.

சட்டம் என்ன சொன்னது?

விலை ஏன் விழுகிறது? சரக்கு அதிகம். அப்படின்னா சரக்கைக் குறைக்கணும். குறைக்கச் சொன்னால் எந்த விவசாயியும் தானாகக் குறைக்க மாட்டார், ஏன்னா பக்கத்து வயல்காரர் கூட்டி விதைத்துவிடுவார். அதனால் குறைப்பவருக்கு அரசு பணம் கொடுக்கும். பணம் எங்கிருந்து வரும்? பருத்தி ஆலை, மாவு மில், இறைச்சி ஆலைகள் மீது வரி போட்டு வரும். 1909 முதல் 1914 வரை விவசாயியின் சரக்குக்கு இருந்த வாங்கும் சக்தியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. கோதுமை, பருத்தி, மக்காச்சோளம், பன்றி, நெல், புகையிலை, பால் ஆகிய 7 சரக்குகள் முதல் பட்டியலில் இருந்தன.

காகிதத்தில் பார்த்தால் கணக்கு சுத்தமாக இருக்கிறது. சிக்கல் என்னன்னா, மே மாதம் சட்டம் வருவதற்குள் பருத்தி முளைத்துவிட்டது, பன்றி குட்டி போட்டுவிட்டது. அதனால்தான் கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த உழவு. பருத்தியோடு நிற்கவில்லை. அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் அரசு சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளை விலைக்கு வாங்கி வெட்டியது. கொஞ்சம் இறைச்சி ஏழைகளுக்குப் போனது. ரொம்பச் சின்னக் குட்டிகள் கொழுப்பாகவும் உரமாகவும் ஆயின.

நகரங்களில் கஞ்சிக்கு வரிசை நிற்கும் காலத்தில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. கார் தொழிற்சாலைக்காரன் விற்காத காரைத் தயாரிப்பதில்லையே, விவசாயி மட்டும் ஏன் நஷ்டத்துக்கு விளைவிக்கணும் என்ற ரீதியில் வாலஸ் வாதாடினார். வாதம் சரிதான். ஆனால் தழைக்கும் பயிரை உழுவது தனக்கே பிடிக்காத வேலை, இது அவசர நிலைக்கான நடவடிக்கை என்பதையும் அவர் மறைக்கவில்லை. வேடிக்கை என்னன்னா, மிச்சமிருந்த வயலில் மகசூல் அமோகமாக வந்ததால், அவ்வளவு அழித்த பிறகும் அந்த ஆண்டு பருத்தி 1 கோடியே 30 லட்சம் பேல் அளவுக்கு வந்தது. முந்தைய ஆண்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். உழாமல் இருந்திருந்தால் விலை எங்கே போயிருக்கும் என்பதையும் யோசிக்கணும்.

ஒரு கவுண்டிக்குள் பணம் எப்படி வந்தது?

லட்சக்கணக்கான விவசாயிகளோடு தனித்தனி ஒப்பந்தம். ஒவ்வொருவரின் நிலம் எவ்வளவு, வழக்கமான மகசூல் எவ்வளவு, இந்த வருஷம் நிஜமாகவே குறைத்தாரா என்று வாஷிங்டனில் உட்கார்ந்து பார்க்க முடியாது. வாலஸ் கண்டுபிடித்த வழி கவுண்டி கமிட்டி. உள்ளூர் விவசாயிகளே கமிட்டியில் உட்கார்வார்கள். கவுண்டி விவசாய அலுவலர் கூட இருப்பார். யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கமிட்டி முடிவு பண்ணும், சங்கிலி பிடித்து வயலை அளக்க ஆள் அனுப்பும். எல்லாம் சரியாக இருந்தால் வாஷிங்டனிலிருந்து செக் வரும்.

ஐயோவா மாதிரி இடத்தில் இது நன்றாகவே ஓடியது. அங்கே பெரும்பாலும் அவரவர் குடும்பமே உழும், பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர் நிலம் எவ்வளவு என்று தெரியும், பொய் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முகம் காட்ட முடியாது. 1934 மக்காச்சோள ஒப்பந்தத்தில், தரிசு போட்ட நிலத்தின் வழக்கமான மகசூலுக்கு புஷலுக்கு 30 சென்ட் என்று கணக்கு. உதாரணத்துக்கு ஒருவர் 20 ஏக்கர் தரிசு போடுகிறார், ஏக்கருக்கு 40 புஷல் மகசூல் என்றால் 240 டாலர். விதைக்காமலே. முந்தைய வருஷம் சோளத்தை அடுப்பில் எரித்த குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை! இதோடு, அறுத்த சோளத்தைத் தன் களஞ்சியத்திலேயே பூட்டி சீல் வைத்துவிட்டு, அதன் மேல் புஷலுக்கு 45 சென்ட் அரசுக் கடனும் வாங்கலாம். ஐயோவாவின் அந்தக் கயிறு மறுபடி வெளியே வரவில்லை.

ஆனால் தெற்கே?

பருத்தி மாநிலங்களில் நிலம் ஒருத்தர் பேரில் இருக்கும், உழுகிறவர் வேறு ஆள். நம்ம ஊரில் வாரத்துக்கு உழுவது என்று சொல்வோமே, அதே முறை. பண்ணையார் நிலமும் கழுதையும் விதையும் தருவார். வாரதாரர் குடும்பத்தோடு உழைத்து, விளைச்சலில் பாதியை எடுத்துக்கொள்வார். அந்தப் பாதியிலும் பண்ணைக் கடையில் மாவுக்கும் துணிக்கும் எழுதிவைத்த கடன் போக மிச்சம்தான் கையில். கணக்குப் புத்தகம் பண்ணையாரிடமே இருக்கும். வாரதாரர்களில் கறுப்பினத்தவரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. கறுப்பினத்தவர் பெரும்பாலானோருக்கு ஓட்டே கிடையாது.

1934, 1935 பருத்தி ஒப்பந்தத்தைப் பாருங்கள். தரிசு போட்ட நிலத்துக்கு வாடகை என்று பவுண்டுக்கு மூன்றரை சென்ட். இது முழுக்க நில உரிமையாளருக்கு. தனியாக இன்னொரு 1 சென்ட், அதை மட்டும் வாரதாரரோடு பாதிப் பாதி பிரிக்கணும். அதாவது அவருக்கு அரை சென்ட், பண்ணையாருக்கு 4 சென்ட். பருத்தி விளைந்திருந்தால் வாரதாரருக்குப் பாதி கிடைத்திருக்கும். விளைய வேண்டாம் என்று அரசு பணம் கொடுத்ததும் அந்தப் பாதி ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அந்த அரை சென்ட்டும் பண்ணைக் கடைக் கடனுக்கே வரவு வைக்கப்பட்ட இடங்கள் நிறைய.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும் என்பார்கள். தெற்கில் கவுண்டி கமிட்டியில் உட்கார்ந்திருந்தது பண்ணையார்கள்தான். தன் பங்கு வரவில்லை என்று யாராவது வாஷிங்டனுக்குக் கடிதம் போட்டால், விசாரிக்கச் சொல்லி அது பெரும்பாலும் அதே கவுண்டிக்கே திரும்பி வந்தது. புகார் கொடுத்தவர் யார் என்று பண்ணையாருக்குத் தெரிந்த பிறகு அவர் அந்த நிலத்தில் எத்தனை நாள் இருக்க முடியும்?

மேல் மட்டத்தில் இன்னும் விசித்திரம். மிசிசிபி மாநிலத்தின் டெல்டா அண்ட் பைன் லேண்ட் கம்பெனி நாட்டின் மிகப் பெரிய பருத்திப் பண்ணைகளில் ஒன்று. அதற்குச் சொந்தக்காரர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நூற்பாலைக்காரர்கள். அரசு மானியமாக ஒரே ஆண்டில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அந்தப் பண்ணைக்குப் போனது. அதன் தலைவர் ஆஸ்கர் ஜான்ஸ்டன், வாலசின் துறையிலேயே பருத்தி இருப்பைக் கவனிக்கும் பொறுப்பிலும் இருந்தார்.

பாயின்செட் கவுண்டியில் 18 பேர்

தரிசு போட்டால் வேலை குறையும். வேலை குறைந்தால் ஆள் எதுக்கு? பண்ணையார்கள் வாரதாரர்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். அர்க்கன்சா மாநிலம் பாயின்செட் கவுண்டியில், டைரோன்சா ஊருக்குப் பக்கத்தில் ஹைரம் நார்கிராஸ் என்பவரின் பண்ணையிலிருந்து 23 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

1934 ஜூலையில் அந்தப் பண்ணைப் பள்ளிக்கூடத்தில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் ராத்திரி கூடினார்கள். தென்னக வாரக் குத்தகை விவசாயிகள் சங்கம் அங்கே பிறந்தது. துணை நின்றவர்கள் இருவர்: டைரோன்சாவில் சலவைக் கடை வைத்திருந்த எச்.எல். மிட்செல், பக்கத்திலேயே பெட்ரோல் பங்க் நடத்திய கிளே ஈஸ்ட். ஒரே சங்கத்தில் இரண்டு நிறத்தவரும் உறுப்பினர்கள் என்பது அந்த ஊரில், அந்தக் காலத்தில், உயிரைப் பணயம் வைக்கிற விஷயம். சவுக்கடி, துப்பாக்கிச் சூடு, கூட்டம் போட்டால் கைது என்று எல்லாமே நடந்தது.

சங்கம் நீதிமன்றம் போனது. ஒப்பந்தத்தின் 7ஆவது பிரிவு, வழக்கமாக இருக்கும் குடியானவர்களின் எண்ணிக்கையை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கணும் என்கிறது. எண்ணிக்கை மட்டுமா, அதே ஆட்களா? சங்கத்தில் சேர்ந்தவரை அனுப்பிவிட்டு வேறு ஒருவரைக் கொண்டுவந்தால் சரியா? இந்த ஒற்றைக் கேள்விதான் வாலசின் மேஜைக்கு வந்தது.

துறையின் சட்டப் பிரிவில் ஜெரோம் ஃபிராங்க் தலைமையில் இளம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். நிலைமையைப் பார்க்க மேரி கானர் மயர்ஸ் என்ற வழக்கறிஞரை அர்க்கன்சாவுக்கு அனுப்பினார்கள். அவர் கொண்டுவந்த அறிக்கை வெளியிடப்படவே இல்லை. அதே ஆட்களைத்தான் வைத்திருக்கணும் என்று சட்டப் பிரிவு 1935 பிப்ரவரி தொடக்கத்தில் விளக்கம் கொடுத்தது. விவசாயச் சீரமைப்பு நிர்வாகத்தின் தலைவர் செஸ்டர் டேவிஸ் கொதித்துப் போனார். இந்த விளக்கம் நின்றால் தெற்கில் திட்டமே கவிழும், இவர்கள் இருந்தால் நான் இல்லை என்கிற அளவுக்குப் போனார்.

வாலஸ் என்ன செய்தார்? டேவிஸ் பக்கம் நின்றார். பிப்ரவரி 5ஆம் தேதி ஃபிராங்க் உள்ளிட்டோர் வேலையிலிருந்து தூக்கப்பட்டார்கள். சட்ட விளக்கம் ரத்தானது. நார்கிராஸ் வழக்கிலும் சங்கம் தோற்றது.

ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குக் காரணம் அன்றைய நாடாளுமன்றத்தில் இருக்கிறது. செனட்டின் ஆளுங்கட்சித் தலைவர் ஜோ ராபின்சன் அர்க்கன்சாக்காரர். செனட் விவசாயக் குழுத் தலைவர் எலிசன் ஸ்மித்துக்கு, பருத்திக்காக அவர் போட்ட சத்தத்தால், பருத்தி எட் என்றே பட்டப்பெயர். தென் மாநிலத் தலைவர்கள் கையை எடுத்தால் விவசாயத் திட்டம் மட்டும் இல்லை, ரூஸ்வெல்ட்டின் மொத்தத் திட்டமும் ஆடும். திட்டம் இருந்தால்தான் ஐயோவா விவசாயிக்கும் செக் வரும். இந்தக் கணக்கைத்தான் வாலஸ் போட்டார். அரசியல் கணக்கு தப்பில்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது வாஷிங்டனில் யாரும் இல்லை, பாயின்செட் கவுண்டியில் தெருவுக்கு வந்தவர்கள். வேலை போனவர்களை நேரில் சந்தித்தபோது வாலஸ் தலை குனிந்துதான் பேசினார் என்று அந்தக் காலத்தை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தன் முடிவு சட்டப்படி சரி என்றுதான் நினைத்தார், மனசாட்சிப்படி சரியா என்பதில் அவருக்கே தெளிவில்லை.

பார்த்த பிறகு மாறினாரா?

1936 ஜனவரி 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. வரி போட்டு விவசாயத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வாலஸ் இரண்டே மாதத்துக்குள் மாற்று வழி கொண்டுவந்தார். விளைச்சலைக் குறைக்கப் பணம் இல்லை, மண்ணைக் காப்பாற்றப் பணம். மண்ணை உறிஞ்சும் பருத்தி, சோளத்துக்குப் பதிலாக, மண்ணை வளமாக்கும் பயிர் போட்டால் செக். தூசிப் புயல் வீசிய காலம் என்பதால் யாரும் எதிர்க்க முடியவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில், தேர்தல் முடிந்த கையோடு, அவர் காரில் தெற்கே கிளம்பினார். வாரதாரர்களின் குடிசைகளுக்குள் போய்ப் பார்த்தார். பலகைச் சுவர், ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, பிள்ளைகளுக்குச் செருப்பு கிடையாது. ஐரோப்பாவின் ஏழைக் குடியானவர்களிடம்கூட இப்படி ஒரு வறுமையைப் பார்த்ததில்லை என்ற பொருளில் திரும்பி வந்து எழுதினார். புள்ளிவிவரத்தில் ஊறிய மனுஷர் அவர். மூன்றரை ஆண்டாகத் தன் மேஜைக்கு வந்த கடிதங்களும் அறிக்கைகளும் சொன்னதை அந்தப் பயணத்தில்தான் நேரில் பார்த்தார். கொஞ்சம் முன்னாடியே போயிருக்கலாம்.

1937ல் குத்தகைதாரர்கள் நிலம் வாங்கக் கடன் தரும் சட்டம் வந்தது. அதை நடத்த விவசாயப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற பிரிவு வாலசின் துறையில் அமைந்தது. பெருமந்தத்தின் ஏழ்மையைக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் நிறைய இந்தப் பிரிவு எடுக்க வைத்தவைதான். 1938 சட்டத்தில் ஒரு முக்கியமான திருத்தமும் வந்தது: விளைச்சலை எந்த விகிதத்தில் பிரிக்கிறார்களோ அதே விகிதத்தில் மானியத்தையும் பிரிக்கணும்.

நல்ல விதிதான். ஆனால் பண்ணையார்களுக்கு அதற்கும் வழி தெரிந்திருந்தது. வாரதாரர் இருந்தால்தானே பங்கு? அவரை நிறுத்திவிட்டு தினக்கூலியாக வைத்துக்கொண்டால் செக் முழுசாக நமக்கு. மானியப் பணத்தில் டிராக்டரும் வாங்கிவிட்டால் கூலி ஆளும் குறைவாகப் போதும். 1939 ஜனவரியில், மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், வெளியேற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நெடுஞ்சாலை ஓரத்தில் கொட்டும் குளிரில் சட்டி பானையோடு உட்கார்ந்தார்கள். மாநில போலீஸ் வந்து, சுகாதாரக் கேடு என்று சொல்லி அப்புறப்படுத்தியது.

ஒரு கையால் குறைத்து, மறு கையால் கூட்டி

இன்னொரு முரண். ஏக்கரைக் குறைக்கச் சொல்லி வாலஸ் பணம் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் ஆரம்பித்த விதைத் தொழில் ஏக்கருக்கு மகசூலைக் கூட்டிக்கொண்டிருந்தது. அவர் அமைச்சரானபோது ஐயோவாவில் கலப்பினச் சோளம் போட்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பத்தே ஆண்டில் மாநிலம் முழுக்க அதுதான். மானியம் வாங்கிய விவசாயி மோசமான வயலைத் தரிசு விட்டு, நல்ல வயலில் புது விதை போட்டார். நிலம் குறைந்தது, மூட்டை குறையவில்லை. அப்படிச் சேர்ந்த உபரியை நல்ல ஆண்டில் சேமித்துக் கெட்ட ஆண்டில் வெளியே விடும் நிரந்தரக் களஞ்சியத் திட்டத்தை அவர் 1938ல் சட்டமாக்கினார். பழைய சீனத்து அரசர்கள் கையாண்ட முறையைப் படித்து எடுத்துக்கொண்ட யோசனை அது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்தக் களஞ்சியம்தான் கை கொடுத்தது.

1940ல் துணை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவி ஏற்கும் முன்பே மெக்சிகோவுக்குக் காரில் போய், அங்கே குடியானவர்கள் சோளத்துக்குப் படும் பாட்டைப் பார்த்தார். ஆராய்ச்சிக்கு உதவும்படி ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் பேசினார். 1943ல் தொடங்கிய அந்த மெக்சிகோ திட்டத்தில்தான் நார்மன் போர்லாக் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே உருவான குட்டை ரகக் கோதுமைதான், 1960களில் சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது, எம்.எஸ். சுவாமிநாதனின் முயற்சியோடு இந்தியாவுக்கு வந்தது. பசுமைப் புரட்சியைப் பற்றிப் பேசும்போது நம்ம ஊரில் வாலஸ் பெயரை யாரும் சொல்வதில்லை.

1944ல் கட்சியின் தென் மாநிலத் தலைவர்களும் நகர்ப்புறப் புள்ளிகளும் சேர்ந்து அவரைத் துணை அதிபர் வேட்பாளர் பட்டியலிலிருந்து கழற்றிவிட்டார்கள். நிறப் பாகுபாட்டுக்கு எதிராக அவர் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்திருந்ததும் ஒரு காரணம். 1935ல் அவர் யாருக்காக விட்டுக்கொடுத்தாரோ, அவர்களே. அந்த இடத்துக்கு ஹாரி ட்ரூமன் வந்தார். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தார், ட்ரூமன் அதிபரானார். மூன்று மாத வித்தியாசத்தில் வாலசிடமிருந்து நழுவியது அமெரிக்க அதிபர் நாற்காலி. சோவியத் யூனியனோடு மோதல் வேண்டாம் என்று பேசியதற்காக 1946ல் ட்ரூமன் அவரை வர்த்தக அமைச்சர் பதவியிலிருந்தும் நீக்கினார். 1948ல் தனிக் கட்சி வேட்பாளராக அதிபர் தேர்தலில் நின்றார். தெற்கே பிரசாரத்துக்குப் போனபோது, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனியாக உட்கார வைக்கப்படும் கூட்டத்தில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முட்டையும் தக்காளியும் பறந்து வந்தன. சுமார் 11 லட்சத்து 50 ஆயிரம் ஓட்டு கிடைத்தது, ஒரு மாநிலம்கூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நியூயார்க் மாநிலத்தில் இருந்த தன் பண்ணையில் கோழி, ஸ்ட்ராபெர்ரி, கிளாடியோலஸ் பூ என்று ஒட்டு ரகம் உருவாக்கிக்கொண்டிருந்தார். 1965 நவம்பர் 18ஆம் தேதி, ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் 77 வயதில் இறந்தார்.

டைரோன்சாவில் மிட்செலின் சலவைக் கடையும் ஈஸ்ட்டின் பெட்ரோல் பங்கும் இருந்த கட்டடம் இப்போது குத்தகை விவசாயிகள் சங்கத்தின் அருங்காட்சியகம். கவுண்டி கமிட்டிகள் இன்றைக்கும் அமெரிக்காவில் இருக்கின்றன. ஓட்டுச்சீட்டு தபாலில் வரும், உள்ளூர் விவசாயிகளே ஆள் தேர்ந்தெடுப்பார்கள், மானிய விவகாரங்கள் அவர்கள் மேஜை வழியாகத்தான் போகும்.